ஆர்டர் நோட்டில் நான் எழுதாமல் விட்ட வரி

என் வீட்டுக்காரர் எழுதிய படங்களில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. எல்லாம் யார் யார் வீட்டுக் கூடத்திலோ தொங்கி, மழை ஒழுகிக் கெட்டிருக்கும். இல்லையென்றால் அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது யாருக்கும் வேண்டாமல் பரணுக்குப் போயிருக்கும். என்னிடம் மிச்சம் இருப்பவை மூன்று நோட்டுகள்தான். யார் கேட்டு, எந்த ஊரில் உட்கார்ந்து, என்ன படம் எழுதிக் கொடுத்தார் என்ற விவரம் முழுக்க அவற்றில் இருக்கிறது. சொன்னது அவர், எழுதியது நான்.

போன மாதம் காலேஜ் வாத்தியார் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். மதுரைச் சீமையில் ஆறு, மலை, தோப்பு என்று எழுதின ஓவியர்களைத் தேடினால் உங்கள் வீட்டுக்காரர் ஒருவர்தான் அகப்படுகிறார், அவரைப் பற்றியும் எங்கேயும் ஒரு வரி இல்லை என்று வருத்தப்பட்டார். முதல் நோட்டையும் மூன்றாவதையும் எடுத்துக் கொடுத்தேன். நடுவில் உள்ளதைக் கேட்டதற்குக் கறையான் அரித்துவிட்டது என்று சொன்னேன். பச்சைப் பொய். என் வீட்டுக்குள் நுழைய எந்தக் கறையானுக்கும் தைரியம் கிடையாது. அந்த நோட்டு என் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் நன்றாகவே இருக்கிறது. வாத்தியார் போன பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால் அதில் என்ன இருக்கிறது என்பதை நானே எழுதிவிடுகிறேன்.

நான் குடித்தனம் வந்தபோது அவர் நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதிக்கொண்டிருந்தார். அரண்மனை ஒன்று, காடு ஒன்று, தெரு ஒன்று, சிறைச்சாலை ஒன்று. கம்பெனி மாறினாலும் இந்த நாலும் மாறாது. "ஒரே காட்டை இருபது தரம் எழுதியாச்சு, நெசக் காட்டை ஒரு தரம்கூட எழுதல" என்று அலுத்துக்கொள்வார். பேசும் படம் வந்து கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்த பிறகுதான் அவருக்கு நிஜக் காடு வாய்த்தது. பருத்தி வியாபாரி ஒருவர் தன் புது வீட்டுக் கூடத்துக்கு வைகையில் வெள்ளம் போகிற மாதிரி ஒரு படம் கேட்டார். அதைப் பார்த்துவிட்டு அவருடைய சம்பந்தி கேட்டார். பிறகு ஒத்தக்கடையிலிருந்து தெரிகிற யானைமலை, நாகமலை அடிவாரத்து வயல், யார் யாருடைய தோப்போ, யார் யாருடைய கண்மாயோ. பெரிய பேர் என்று ஒன்றும் வந்துவிடவில்லை. கூடத்தில் படம் மாட்டுகிற வசதியுள்ள சில வீடுகளுக்கு அவரைத் தெரியும், அவ்வளவுதான்.

நடுக்கூடத்தில் மாட்டுகிற படம் என்பதால் அமங்கலமாக எதுவும் இருக்கக் கூடாது. பட்ட மரம் கூடாது. வற்றின கண்மாய் கூடாது. ஒற்றைக் காக்கை கூடாது. வெள்ளைச் சீலை கட்டினவள் வரப்பில் நடந்து வரக் கூடாது. அவர் படங்களை மட்டும் பார்த்தால் மதுரை ஜில்லாவில் மழை பொய்த்ததே கிடையாது. எல்லாக் கண்மாயும் கரை தட்டி நிற்கும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற தரையைப் பார்த்துக்கொண்டே மனுஷன் தண்ணீர் எழுதுவார். எழுதி முடித்துக் கீழ் மூலையில் 'நேரில் கண்டு எழுதியது' என்று போட்டு அதற்கும் கீழே கையெழுத்துப் போடுவார்.

"இது அடுக்குமா உங்களுக்கே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கண்டது நெசந்தான? எழுதுறதுதான் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்" என்றார்.

நோட்டு வந்தது ஒரு பனைமரத்தால். மேலூர் ரோட்டில் ஒரு வீட்டுக்காரர், வாசல் பனை அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடு என்று சொன்னார். படம் போய்ச் சேர்ந்ததும், "எங்க தாத்தா வச்ச பனைய எங்கய்யா காணோம்?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். மறுபடி பனையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து இவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் சொன்னேன், இனிமேல் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிவைப்போம் என்று. அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நான் எட்டாவது வரை படித்தவள். யோசனை சொன்ன பாவத்துக்கு எழுதுகிற வேலையும் என் தலையில் விடிந்தது.

அவர் வேலை பார்க்கிற விதம் இது: வெளியூரில் உட்கார்ந்து பென்சிலும் தண்ணீர் வர்ணமுமாக ஒரு சின்னப் படம் எழுதிக்கொண்டு வருவார். அதை வைத்துக்கொண்டு வீட்டில் கித்தானில் பெரிய படம் எழுதுவார். ஊரிலிருந்து திரும்பின அன்றே, மறப்பதற்கு முன்னால், அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுத வேண்டும். யார் வீட்டுக்கு, எந்த இடம், எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தது, வெயில் எந்தப் பக்கம் என்பதெல்லாம் முதலில். அப்புறம் இரண்டு தலைப்பு. 'சேர்த்தது' என்று ஒன்று, 'விட்டது' என்று ஒன்று. சேர்த்தது: தண்ணீர், கொக்கு மூன்று. விட்டது: கழுதை, மாட்டு எலும்பு, வேலியில் காயப்போட்ட கிழிசல் வேட்டி. ஒரு துரும்பைக்கூட விடமாட்டார். படத்தில் பொய் எழுதுகிறவருக்கு அந்தப் பொய்க்குக் கணக்குச் சொல்வதில் அவ்வளவு நாணயம். அதன் பிறகு யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்தாலும் நோட்டை விரித்துக் காட்டுவார். "ரிஜிஸ்தர் பத்திரத்துல தப்பு இருந்தாலும் இருக்கும், எங்க நோட்டுல இருக்காது" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லுவார். கர்வம் என்று அவருக்கு இருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் பாதி என்னைப் பற்றிய கர்வம். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது.

வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு ஊர். அங்கே ஒரு பண்ணையார் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். பெரியாற்று வாய்க்கால் ஓரம் அவருக்குத் தென்னந்தோப்பு, பின்னால் சிறுமலை. அதைக் கூடத்துக்கு எழுதித் தரச் சொன்னார். இவர் நாலு நாள் போய்த் தங்கி எழுதிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தார். பண்ணையாருடைய கணக்கப்பிள்ளை பக்கத்திலேயே நின்று, இது வேண்டாம், அது வேண்டாம் என்று நச்சரித்ததால் சின்னப் படத்திலேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு வந்து நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஆறாவது மாதம். அதற்கு முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன.

"விட்டது, எழுதிக்க. தந்திக் கம்பம் ஒண்ணு. சாணிக் குமி ரெண்டு. கலயம் கட்டுன பன ரெண்டு. மொட்ட வேம்பு ஒண்ணு. வாய்க்கா ஓரத்துல குழிமேடு பதினொண்ணு, சின்னதும் பெருசுமா" என்றார்.

வேம்பு வரைக்கும் எழுதின என் கை நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம், வயிற்றில் பிள்ளை. இதில் புதைகுழியை வாயால் சொன்னதே தப்பு. என் கையால் வேறு எழுத வேண்டுமாம். மனுஷனுக்கு விவஸ்தையே கிடையாது. எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி சுடுகாட்டுத் திசையில் திரும்பிக்கூட நிற்கமாட்டாள். நான் அந்த வரியை எழுதவில்லை.

"எழுதிட்டியா?"

"ம்" என்று சொல்லி நோட்டை மூடிவிட்டேன்.

அவர் திறந்து பார்க்கவில்லை. அவர் என்றைக்கும் பார்த்ததில்லை. மூன்று மாதம் கழித்து எனக்கு மகன் பிறந்தான். இந்தத் தடவை தங்கினான். அந்த வரியை நான் அதோடு மறந்துபோனேன்.

ஏழு வருஷம் போயிற்று. உலகச் சண்டை வந்து அரிசி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒரு காலையில் எங்கள் சந்து முனையில் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒரு கிழவர், நடு வயசில் ஒருவர், ஒரு பெண்பிள்ளை. படம் எழுதுகிறவர் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்தவர்கள் வாசல்படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். இவர்தான் இறங்கிப் போய்ப் பேசினார். அந்தப் பண்ணையார் தோப்புக்கு எதிரே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சேரிக்காரர்கள் அவர்கள். வாய்க்கால் ஓரத்து மேட்டில்தான் தலைமுறையாகத் தங்கள் ஆட்களைப் புதைத்து வருகிறார்கள். நெல்லுக்கு விலை ஏறியதும் பண்ணையார் தோப்பை வெட்டி, மேட்டையும் நிரவி வயலாக்கப் போகிறார். மேடு தன் பட்டாவில் சேர்ந்தது, அங்கே யாரும் யாரையும் புதைத்ததில்லை என்கிறார். தாலுகாவிலிருந்து அதிகாரி விசாரிக்க வருகிறார்.

"என்ன அத்தாட்சின்னு கேட்டா, அவுக வீட்டுல மாட்டியிருக்க படத்தக் காட்டுறாகய்யா. நேர்ல கண்டு எழுதுனதுன்னு போட்டிருக்காம். அதுல மேடே இல்லையாம்" என்றார் கிழவர்.

அதுவரை வாய் திறக்காத அந்தப் பெண் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானய்யா அன்னைக்கு என்னைய அங்கிட்டுத் தள்ளி உக்காரச் சொன்னது? எம்புள்ளயப் பொதச்சு எட்டாம் நாளு. நான் அது தலமாட்டுல உக்காந்திருந்தேன். மறைக்குதும்மா, கொஞ்சம் தள்ளி உக்காருன்னீக. நானும் தள்ளி உக்காந்தேன்" என்றாள்.

"நான்தாம்மா" என்றார் இவர். "கவலைப்படாதீங்க. படத்துல இல்லைன்னாலும் எங்க நோட்டுல இருக்கு. என்னென்ன விட்டேன்னு அன்னைக்கே எழுதி வச்சிருக்கு. பதினொரு மேடு. நானே கொண்டாந்து அதிகாரிகிட்டக் காட்டுறேன்" என்றார்.

நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய்ச் சட்டி புகைந்துகொண்டிருந்தது கூடத் தெரியவில்லை. தண்ணீர் கேட்டார்கள். செம்பைக் கொண்டுபோய்ப் படியில் நின்றபடியே அவர்கள் ஏந்தின கையில் ஊற்றினேன். அன்றைக்கு நாங்கள் அப்படித்தான் ஊற்றுவோம். இப்போது எழுதக் கூசுகிறது. அந்தப் பெண் குடித்துவிட்டு ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் போன பிறகாவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னங்க, அந்த வரியை நான் எழுதவில்லை என்று ஒரு வார்த்தை. அவர் சாட்சி சொல்லும்போது நோட்டைப் பற்றிப் பேசாமல் வாய்மொழியாகவே சொல்லியிருப்பார். ஆனால் எங்க நோட்டுல தப்பே இருக்காது என்று ஊரெல்லாம் சொன்னவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தாலே எனக்கு நாக்கு எழவில்லை. ம் என்று பொய் சொன்னவள் நான்.

மறுநாள் மத்தியானம் அவர் சவரம் பண்ணிக்கொள்ளப் போயிருந்தார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'மொட்டை வேம்பு ஒன்று' என்பதற்கு அப்புறம் ஒரு வரி அகலத்துக்கு இடம் இருந்தது. பேனாவை எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புது மை கருநீலமாகப் பளிச்சென்று இருந்தது. ஏழு வருஷத்து எழுத்து வெளிறிப் பழுப்பு ஏறிக் கிடந்தது. குருடனுக்குக்கூட வித்தியாசம் தெரியும். ஆனால் நான் யார், படம் எழுதுகிறவர் பெண்டாட்டி இல்லையா? நிறம் சேர்க்கிறதை எத்தனை நாள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவருடைய தண்ணீர் வர்ணப் பெட்டியைத் திறந்து, காவியில் கொஞ்சம், கறுப்பில் கொஞ்சம், நீலத்தில் ஒரு சொட்டு என்று குழைத்தேன். நாலைந்து தடவை காகிதத்தில் தொட்டுப் பார்த்துச் சரியாக வந்ததும் கட்டைப் பேனாவை அதில் தோய்த்து எழுதினேன். 'வாய்க்கால் ஓரத்தில் குழிமேடு பதினொன்று, சின்னதும் பெரிசுமாக.' காய்ந்ததும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். எது பழசு, எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. எழுதினது பொய் இல்லையே, நடந்ததுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் மறைக்க விரும்பவில்லை.

விசாரணை அந்தத் தோப்பிலேயே நடந்தது. நான் போகவில்லை. பின்னால் அவர் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்ததை வைத்துச் சொல்கிறேன். அதிகாரிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பண்ணையார் வீட்டுப் படத்தைக் கூடத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்து ஒரு தென்னையில் சாய்த்து வைத்திருந்தார்கள். கிராமத்துப் பெரிய மனுஷர்கள் ஒவ்வொருவராக வந்து, மேட்டில் எதுவும் இருந்ததாகத் தங்களுக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கல் நட்டுப் புதைக்கிற வழக்கம் சேரிக்காரர்களுக்கு இல்லை. நரி தோண்டாமல் இருக்க மேலே முள் போடுவதுதான். அந்த முள்ளையும் பண்ணையாரின் ஆட்கள் முன்கூட்டியே எடுத்து எரித்து, குழிமேடுகளைத் தட்டிச் சமமாக்கியிருந்தார்கள். இருக்கிறதென்றால் தோண்டிக் காட்டுங்கள் என்றாராம் அதிகாரி. சேரி ஆட்கள் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. அந்தப் பெண் மட்டும், "எம்புள்ளய நானே தோண்டவாய்யா?" என்று கேட்டிருக்கிறாள்.

அதற்கு அப்புறம் இவர். எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னார். கணக்கப்பிள்ளை விடச் சொன்னதையும், அந்தப் பெண்ணைத் தள்ளி உட்காரச் சொன்னதையும், மேட்டைப் புல்லாக எழுதினதையும் சொல்லிவிட்டு, "அன்னைக்கே எழுதி வச்சிருக்குங்க" என்று நோட்டை நீட்டினார். அதிகாரிக்கு முதலில் நோட்டின் மேல் நல்ல மதிப்புதான் வந்திருக்கிறது. நாலைந்து பக்கம் படித்துச் சிரித்தாராம், கழுதையும் வேட்டியும் விட்டதை எல்லாம் பார்த்து. இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதிவைக்கமாட்டார்கள் என்று சொன்னாராம். அந்த மனுஷருக்கு ஒரு பழக்கம், கட்டை விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டுவது. அந்தப் பக்கம் வந்ததும் ஈர விரலை வரிக்கு அடியில் வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்திருக்கிறார். கடைசி வரி அவர் விரலோடு வந்துவிட்டது.

விரலைத் திருப்பிப் பார்த்தாராம். நோட்டைப் பார்த்தாராம். பிறகு மேல் வரிகளில் ஈர விரலால் அழுத்தித் தேய்த்திருக்கிறார். அவை அசையவில்லை.

"இத யார் எழுதுனது?" என்று கேட்டார்.

இவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அந்த நிறம் எந்தப் பெட்டியில் எந்தக் கட்டியிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாதா? என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று நினைத்தாரோ, பத்துப் பேர் நடுவில் பெண்டாட்டி பேர் அடிபட வேண்டாம் என்று நினைத்தாரோ, "நான்தான்" என்று சொல்லிவிட்டார். எப்போது எழுதினது என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், நோட்டை விரித்து என் மடியில் வைத்தார். 'குழிமேடு' என்ற இடத்தில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பாக இழுத்திருந்தது.

"அன்னைக்கு எழுதிட்டேன்னு சொன்னியே" என்றார்.

நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை, விளக்கு, வயிற்றுப்பிள்ளை, முன்னால் போன இரண்டு என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "தண்ணி வர்ணத்துல ஏண்டி எழுதுன? மையில எழுதிருந்தா என்னைக்கோ விட்டுப்போச்சு, பின்னால சேத்தோம்னு சொல்லிருப்பேன்ல" என்று மட்டும் கேட்டார். புதுசாகத் தெரிந்திருந்தால்கூட உண்மை என்று நிற்க இடம் இருந்தது. பழசு மாதிரி செய்யப் போய்த்தான் அது பொய்யாயிற்று. இதை அவர் சொன்ன பிறகுதான் புரிந்துகொண்டேன்.

திருத்தப்பட்ட நோட்டு, சாட்சியை நம்புவதற்கில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார். மேடு பண்ணையாருக்கு ஆயிற்று. தென்னையை வெட்டினார்கள், மேட்டை நிரவினார்கள், மண்ணை வண்டி வைத்து அடித்தார்கள். எங்களுக்கும் ஆர்டர் நின்றது. வாடிப்பட்டிப் பக்கத்தில் ஆரம்பித்து, கள்ளக் கையெழுத்துக்காரன் என்று பேர் பரவிவிட்டது. இவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதப் போனார். மூன்றாவது நோட்டில் முக்கால்வாசிப் பக்கம் வெள்ளையாக இருப்பதைக் காலேஜ் வாத்தியார் பார்த்திருப்பார்.

சில மாதம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள், தனியாக. மதுரைக்கு வந்த வைக்கோல் வண்டியில் ஏறி வந்ததாகச் சொன்னாள். இவர் முற்றத்தில் ஒரு பலகைக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எனக்கு உள்ளே ஓடிவிடலாம் என்று இருந்தது. ஓடவில்லை. படி இறங்கிப் போய் அவள் எதிரில் நின்று, எல்லாம் என்னால்தான் என்று சொல்லிவிட்டேன். அந்த வரியை எழுதாமல் விட்டது, ஏன் விட்டேன் என்பது, பின்னால் வர்ணத்தில் எழுதினது, ஒன்று விடாமல் சொன்னேன். காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தன மாசம் அப்ப?" என்று கேட்டாள்.

"ஆறு."

"அதுக்கு முந்தி?"

"ரெண்டு தங்கல."

அவள் தலையை ஆட்டினாள். "அப்ப எப்பிடித் தாயி எழுதுவீக? நானா இருந்தாலும் வாயில சொல்லிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு, "புள்ள நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கான். பள்ளிக்கூடம் போயிருக்கான்."

"இருக்கட்டும்" என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. என் காரணத்தைக் கேட்டால் அந்த அதிகாரி சிரித்திருப்பார். என் வீட்டுக்காரருக்கே அது அரைகுறையாகத்தான் விளங்கியது. முழுக்க விளங்கிக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

அவள் இவர் பக்கம் திரும்பினாள். "அய்யாவப் பாக்கத்தான் வந்தேன். நாளைக்கு அங்க நடவு. எங்க ஆளுகளத்தான் கூப்புட்டிருக்காக, வேற யாரு இருக்கா. மேடும் இல்ல, மரமும் இல்ல, ஒரே சேறா அடிச்சுப் போட்டாக. எந்தெடம்னு தெரியல. நீங்க கண்ணால அளந்து எழுதுனவுக. என்னையத் தள்ளி உக்காரச் சொன்ன எடம் எதுன்னு சொன்னா, அந்தக் காலடி மட்டும் மிதிக்காம நட்டுட்டு வந்துருவேன்" என்றாள்.

இவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் அந்தச் சின்னப் படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். வாசல்படியில் உட்கார்ந்து அதை முழங்காலில் வைத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வாய்க்கால், தென்னை, பின்னால் சிறுமலை. வாய்க்கால் ஓரம் முழுக்கப் புல். ஒரே சீராக, இளம்பச்சையாக, கண்ணுக்குக் குளுமையான புல். அதில் எங்கேயும் ஒரு தடம் இல்லை. விரலை அங்கே வைத்தார், இங்கே வைத்தார், எடுத்துவிட்டார்.

"தெரியலம்மா" என்றார்.

அவள் படத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சரிங்கய்யா. அப்ப வயலு பூராவும் பாத்துப் பாத்துத்தான் மிதிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.